பச்சைப் பெட்டிக்குள் ஒரு கவலைப் படிவம்

அத்தியாயம் 4

கணவனே தன்னைத் தீவிரவாதி என்று எழுதிக் கொடுத்துவிட்டான் என்று ஒரு பெண் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. அந்தக் கணவர் இப்போது எங்கள் அலுவலகத்தில், உட்காரச் சொல்லியும் உட்காராமல், மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரிங் போயிடுச்சு சார். இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்" என்றார்.

"விசிறிய விடுங்க. சம்சாரத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது ஒரு சலவைக் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்துத் துப்பறிகிறார். நான் அவருக்கு உதவியாளர். அதற்கு முன் பதினோரு வருடம் தொலைபேசி விசாரணைப் பிரிவில் இருந்தேன். குரலைக் கேட்டே ஆள் பொய் சொல்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அத்தான் இதை நம்புவதில்லை. ஆனால் வர முடியாததற்கு ஏதாவது சாக்குச் சொல்ல வேண்டியிருந்தால் எனக்கு ஃபோன் செய்ய மாட்டார், குறுஞ்செய்திதான் அனுப்புவார்.

வந்தவர் லிப்ட் மெக்கானிக். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன்பு டீச்சரின் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன், யாரோ நாலு பேர் பேச்சை நம்பி, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருக்கிறான். பை வெடிக்கவில்லை, போலீஸ் முந்திக்கொண்டது. தினமும் அவன் பேரைச் சொல்லி வருகைப் பதிவு எடுத்தவர் டீச்சர். அவன் முகம் மாறியதைத் தான் எப்படிப் பார்க்காமல் போனோம் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு, பயங்கரவாத எதிர்ப்புக் கொள்கையும் வன்முறைத் தீவிரவாதத் தடுப்பும் சொல்லித் தரும் பயிற்சி நிறுவனத்தில் ஒரு வருடப் படிப்பில் சேர்ந்துவிட்டார். வகுப்பில் பத்தொன்பது பேர். சிறை அதிகாரி இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ஓய்வு பெற்ற ராணுவக்காரர் இருக்கிறார். முதல் மதிப்பெண் டீச்சருக்குத்தான்.

அந்த நிறுவனத்தில் ஒரு திட்டம். நமக்குத் தெரிந்த யாராவது தீவிரவாதத்தின் பக்கம் சாய்கிறார் என்று கவலையாக இருந்தால், ஒரு படிவத்தை நிரப்பிப் பச்சைப் பெட்டியில் போடலாம். எழுதுகிறவர் தன் பெயரைப் போட வேண்டாம், உறவுமுறை மட்டும் போட்டால் போதும். அதற்குக் கவலைப் படிவம் என்றுதான் பெயர். டீச்சரின் பெயரில் ஒரு படிவம் வந்துவிட்டது. எழுதியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர் என்று குழு சொல்லிவிட்டதாம். இன்று நாலு மணிக்குக் குழு கூடுகிறது. குழு தலையாட்டிவிட்டால் படிவம் பாதுகாப்புத் துறைக்குப் போய்விடும். அங்கே ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் ஏற வழி இருக்கிறது, இறங்க வழி இல்லை. அதன்பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் டீச்சரை வகுப்புக்குள் விடாது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் வேணும்" என்றார் மெக்கானிக். "நாலு மணிக்கு அவ உள்ள போகும்போது, நான் எழுதலைங்கிறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

குரலில் பொய் இல்லை. அத்தானுக்குத்தான் என் காது போதாதே, அவர் பாணியில் விசாரித்தார். உங்கள் மனைவியின் கைப்பை என்ன நிறம் என்று கேட்டார். மெக்கானிக் யோசித்தார், ஜன்னலைப் பார்த்தார், பை நிறம்தான் என்றார். மூக்குக் கண்ணாடி போடுவார்களா என்று கேட்டார். படிக்கும்போது போடுவாள், இல்லை எப்போதுமே போட்டிருப்பாளோ என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். கல்யாணமாகி இருபத்துநாலு வருடம்.

"நிரபராதி" என்று நான் அத்தான் காதில் சொன்னேன். "இவர் சம்சாரத்தோட பேரைத் தப்பில்லாம எழுதினாலே பெரிய விஷயம்."

மெக்கானிக் கையோடு ஒரு வெற்றுப் படிவம் கொண்டுவந்திருந்தார். இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நேரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள், பக்கத்தில் விவரம் எழுத இடம். நான் கேள்விகளைப் படித்தேன். புதிய நண்பர்கள் சேர்ந்திருக்கிறார்களா, தனிமையை விரும்புகிறாரா, நீங்கள் உள்ளே வந்ததும் கணினியை மூடுகிறாரா, பழைய பொழுதுபோக்குகளை விட்டுவிட்டாரா. பரீட்சைக்குப் படிக்கிற எல்லாரும் இதில் தீவிரவாதிதான். அத்தான் மட்டும் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்து விதிகளை முழுசாகப் படித்தார். காப்பீட்டுக்காரர் இல்லையா, அவருக்கு எந்தக் காகிதமும் பின்பக்கத்திலிருந்துதான் ஆரம்பம்.

மணி ஒன்றே கால். கிளம்பினோம்.

பயிற்சி நிறுவனம் நாலு மாடிக் கட்டிடம். சுவரெல்லாம் புது வெள்ளை. லிப்ட் முன்னால் போய் நின்றதும் மெக்கானிக் எங்கள் இருவரையும் கையை நீட்டித் தடுத்தார். மூன்றாவது மாடிக் கதவில் ரோலர் உரசுகிறது, கேட்கவில்லையா என்றார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. படியில் ஏறினோம். இரண்டாவது மாடியிலேயே அத்தானுக்கு மூச்சு வாங்கியது. அக்கா கையால் சாப்பிட்டு வளர்த்த உடம்பு, அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

டீச்சர் நூலகத்தில் இருந்தார். முன்னால் விரித்து வைத்திருந்த புத்தகத்தின் தலைப்பைப் பார்த்தாலே யாரும் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருவார்கள். பாடத்திட்டத்தில் அதுதான் கட்டாயப் புத்தகம் என்று பிறகு தெரிந்தது. மெக்கானிக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டு நாங்கள் மட்டும் போய் உட்கார்ந்தோம். டீச்சர் வாசல் பக்கம் ஒரே ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே தூண் நிற்பதாகவே வைத்துக்கொண்டார்.

குழு அவரிடம் மூன்று விஷயங்களைத்தான் சொல்லியிருக்கிறது. படிவம் இந்த மாதம் முதல் தேதி பதிவாகியிருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் டீச்சரைப் பல வாரங்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார். படிவத்தை மட்டும் கண்ணில் காட்ட மாட்டார்கள். எழுதியவரைக் காப்பாற்றாவிட்டால் நாளைக்கு யாரும் முன்வந்து எழுத மாட்டார்கள் என்பது விதி.

"அது சரியான விதிதான்" என்றார் டீச்சர். "பரீட்சையில அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருக்கேன்."

வேறு யாராவது எழுதியிருக்கலாம் இல்லையா என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். பக்கத்து வீட்டார், வகுப்பில் பொறாமைக்காரர்கள், உறவுக்காரர்கள்.

"ரெண்டே பேர் இருக்கிற வீடு சார். பொண்ணு வேலைன்னு வெளியூர் போயாச்சு. நான் எழுதல. மிச்சம் யாரு?"

இந்தக் குரலிலும் பொய் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். இரண்டு பேரும் உண்மை பேசினால் துப்பறிகிறவர்கள் எங்கே போவது? அவர் குரலில் கோபம் நிறைய இருந்தது. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

மீதி இருந்த ஒரே ஆள், பச்சைப் பெட்டியைத் திறக்கிற குமாஸ்தா. தரைத்தளத்தில், கம்பி ஜன்னலுக்குப் பின்னால், ரப்பர் ஸ்டாம்புகளை உயர வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அத்தானிடம் ஒரு கொள்கை உண்டு. மனிதன் ரகசியத்தைப் பூட்டி வைப்பான், எரிச்சலைப் பூட்டி வைக்க மாட்டான். அதனால் யாரிடமும் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க மாட்டார், உங்களுக்கு எது எரிச்சல் என்றுதான் கேட்பார். வீட்டில் அக்காவிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, பதில் முடியாது என்று தெரியும்.

"நானும் எங்க ஆபீசுக்கு ஒரு படிவம் அடிக்கலாம்னு பாக்குறேன்" என்று ஆரம்பித்தார். "ஜனங்க ஒழுங்கா நிரப்புவாங்களான்னுதான் பயமா இருக்கு."

நான் என் பங்குக்கு, தொலைபேசி விசாரணையில் எண் கேட்டு ஃபோன் செய்துவிட்டு எழுதிக்கொள்ளப் பேனா இல்லை என்பவர்களைப் பற்றிச் சொன்னேன். குமாஸ்தாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் இனத்தைக் கண்டுகொண்டார்.

பிறகு அணை உடைந்த மாதிரிதான். பச்சைப் பெட்டி வைத்து இரண்டு வருடமாகிறதாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி திறப்பாராம். சூயிங்கம் உறைகள், கேண்டீன் டீ தண்ணீராக இருக்கிறது என்று மூன்று புகார், நர்ஸுக்கு யாரோ எழுதிய ஒரு கவிதை, இவ்வளவுதான் இதுவரை. போன வாரம்தான் முதல் முறையாக ஒரு நிஜப் படிவம். கையைக் கழுவிவிட்டு வந்துதான் அதை எடுத்தேன் என்றார். பிரித்துப் பார்த்ததும் பயபக்தி போய் எரிச்சல் வந்துவிட்டதாம்.

"தேதி போடல. சரி, விடுங்க. ஆம், இல்லைன்னு ரெண்டே கட்டம். அதுல போய் சில இடத்துல அரைன்னு எழுதி வெச்சிருக்கு. ஆளு என்ன, பாதி தீவிரவாதியா?"

நாங்கள் உச்சுக் கொட்டினோம்.

"அதைக்கூட மன்னிக்கலாம். 'வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று தனியாகப் பேசுகிறார்'னு எழுதியிருக்கு. யாரும் இல்லாதப்போன்னா பாத்தது யாரு? எழுதறவங்க ஒரு நிமிஷம் யோசிக்க வேணாமா?"

அவர் யாருடைய படிவம் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் வந்தது ஒன்றே ஒன்று என்னும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? நல்ல மனிதர், தான் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். கேண்டீன் புகார் மூன்றும் உண்மை.

வெளியே வந்ததும் நான் கணக்குப் போட்டேன். வீட்டில் கேமரா இருக்க வேண்டும், அல்லது எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு ஆள் இருக்க வேண்டும். மெக்கானிக்கைக் கேட்டால், அவர்கள் வீடு ஐந்தாவது மாடி, எதிரே தண்ணீர்த் தொட்டிதான் என்றார். வீட்டில் மின்சார வேலை எல்லாம் தன் கையால் செய்தது, தனக்குத் தெரியாமல் ஒரு ஆணி ஏறியிருக்காது என்றார். நம்பினேன். ஆணி ஏறியிருந்தால் இவருக்குத் தெரிந்திருக்கும், மனைவிக்குக் கோபம் ஏறியிருந்தால்தான் தெரிந்திருக்காது.

"அப்படின்னா ஒரே வழிதான் அத்தான்" என்றேன். "கண்ணாடியே இறங்கி வந்து எழுதிப் போட்டிருக்கணும்."

படியில் காலை வைத்த அத்தான் அப்படியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த மாதிரி அவர் பார்த்தால், நான் ஏதோ உளறியிருக்கிறேன், அந்த உளறலில்தான் வழக்கு முடியப்போகிறது என்று அர்த்தம். இதுவரை மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்றையும் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் வீட்டில் வேறு மாதிரி சொல்லிவிடுவார் என்பதால்.

"அரைன்னு எழுதற பழக்கம் யாருக்கு இருக்கும்?" என்றார்.

நான் யோசித்தேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களுக்கு இருக்கும். தப்பு என்று முழுசாகச் சொல்ல மனம் வராமல், சரி என்றும் சொல்ல முடியாமல், அரை மார்க் போடுகிற கை. டீச்சர் கை.

"அவங்கதான் எழுதலைன்னு சொன்னாங்களே. குரல்ல பொய் இல்ல அத்தான்."

"பொய் இல்லதான். வா, இவங்களுக்குப் பாடம் நடத்தறவரைப் பாப்போம்."

முதல் தடவையாக என் காதை நம்பினார். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் அறை நாலாவது மாடியில், குழு கூடுகிற அறைக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தது. வாசலில் பச்சைப் பெட்டி மாட்டியிருந்தது. ஒரு மாற்றத்தைக் கண்டுகொள்வது எப்படி, ஒருவரின் நடவடிக்கையில் சின்ன வித்தியாசத்தைக்கூடக் கவனிப்பது எப்படி என்று வருடம் முழுக்கச் சொல்லித் தருகிறவர் அவர். சட்டையின் பொத்தான்களை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார்.

அவரிடமும் அத்தான் அதே கேள்வியைத்தான் கேட்டார். பேராசிரியருக்கு எரிச்சல் என்று ஒன்றுதான் இருந்தது. போன மாதம் ஒரு பயிற்சி கொடுத்தாராம். ஒருவரைப் பற்றிப் படிவம் நிரப்புவது சுலபம், அதன் எதிர்ப்பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றியே ஒரு கவலைப் படிவம் நிரப்ப வேண்டும். தன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர் எழுதுவது போல, உறவுமுறையும் போட்டு, நிஜப் படிவம் மாதிரியே எழுத வேண்டும். நகல் எடுக்கச் சோம்பல்பட்டு அசல் படிவத்தையே கொடுத்துவிட்டேன் என்றார். பதினெட்டுப் பேர் வகுப்பிலேயே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதி மறுநாள் வாசலில் உள்ள பெட்டியில் போடுகிறேன் என்று வாங்கிப் போனாராம். போடவே இல்லை.

"அதுவும் யாரு? வகுப்புல முதல் மார்க் வாங்கறவங்க" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். டீச்சரின் பெயருக்கு நேரே 'சமர்ப்பிக்கவில்லை' என்று சிவப்பு மையில் இருந்தது.

"எந்தப் பெட்டி?" என்று கேட்டார் அத்தான்.

"வாசல்ல இருக்கே, என் பெட்டி. மரப்பெட்டி."

நான் எழுந்து போய் வாசலைப் பார்த்தேன். மரப்பெட்டி எதுவும் இல்லை. பச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில், புது வெள்ளைக்கு அடியில் நாலு ஆணி ஓட்டைகள் சதுரமாகத் தெரிந்தன. வெள்ளையடித்து எவ்வளவு நாள் ஆகிறது என்று பேராசிரியரைக் கேட்டேன். இரண்டு மாதம் என்றார். பிறகு அவரும் எழுந்து வந்து பார்த்தார். வெள்ளையடிக்கக் கழற்றிய பெட்டியை யாரும் திரும்ப மாட்டவில்லை, இவரோ இரண்டு மாதமாகத் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடியவர்.

"அட" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

ஆக, டீச்சர் கையாலேயே டீச்சர் பேரில் எழுதி, வாசலில் இருந்த ஒரே பெட்டியில் போட்டிருக்கிறார். பெட்டி திறந்தது ஒரு மாதம் கழித்து. கைக்கு வந்த தேதியை ஸ்டாம்ப் அடித்தார்கள். போன வாரம் வந்த படிவம் என்றதும், போன மாதம் தான் போட்ட வீட்டுப்பாடத்தை யார் நினைப்பார்கள்? கையெழுத்தைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் டீச்சர் பார்க்கக் கூடாது என்று விதி. எழுதியது யார் என்று குழு ஆராயக் கூடாது என்று இன்னொரு விதி. ஒரு தப்பைப் பத்திரமாகப் பாதுகாக்க இவ்வளவு ஏற்பாடு நான் எங்கும் பார்த்ததில்லை.

மணி மூன்று ஐம்பது. அத்தான் நேராகக் குழு அறைக்குள் போனார், நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

நடுவில் இயக்குநர் அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு பேர். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். இயக்குநரின் முன்னால் படிவம் உறைக்குள் இருந்தது. இரண்டு வருடத்தில் வந்த முதல் படிவம். ஆண்டறிக்கையில் திட்டத்தின் வெற்றி என்று ஒரு பத்தி ஏற்கெனவே தயாராகியிருந்ததைக் குமாஸ்தா எரிச்சலோடு எரிச்சலாகச் சொல்லியிருந்தார்.

"படிவம் எழுதினவங்க வெளிய நிக்கிறாங்க" என்றார் அத்தான். "பின்பக்கத்துல விதி ஒன்பது. எழுதினவங்க எப்ப வேணும்னாலும் தன் படிவத்தைப் பாக்கலாம், திரும்ப வாங்கிக்கலாம். வாங்கிக்க வந்திருக்காங்க."

இயக்குநருக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் விதி விதிதான், கணவரை வரச் சொல்லுங்கள் என்றார். நான் போய் டீச்சரை அழைத்து வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, அத்தான் கூப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன்.

"நான் கூப்பிட்டது எழுதினவரை" என்றார் இயக்குநர். "இவங்க எழுதப்பட்டவங்க. இவங்களுக்கு நாலு மணிக்குத்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலி போதும் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் டீச்சர் பக்கம் திரும்பி, போன மாதம் பேராசிரியருக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள், எதில் போட்டீர்கள் என்று கேட்டார்.

"வகுப்புப் பயிற்சி. என்னைப் பத்தி நானே..." என்று ஆரம்பித்தார் டீச்சர். "அவர் அறை வாசல்ல, பச்சைப் பெட்டியில..."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

இதை எப்படி உறுதி செய்வது என்று இயக்குநர் கேட்டார். உறுதி செய்யக் கூடாது என்றார் அத்தான், எழுதியவர் யார் என்று ஆராயக் கூடாது என்பது விதி ஆறு. போலீஸ்காரர் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். அப்படியானால் எவன் வேண்டுமானாலும் வந்து என்னுடையது என்று வாங்கிப் போய்விடலாமே என்றார்.

"போலாம் சார். யாரும் பின்பக்கம் படிக்கிறதில்ல, அதனால இதுவரைக்கும் யாரும் போகல."

பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, அரை மார்க்கைப் பற்றியும் சிவப்பு மைப் பதிவேட்டைப் பற்றியும் சொன்னார். இயக்குநர் உறையைப் பிரித்துப் பார்த்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்தார். படிவத்தை மேசையில் அவர் பக்கம் தள்ளினார். ஆண்டறிக்கைப் பத்தி அந்த இடத்தில் உயிரை விட்டது.

நான் டீச்சர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். பட்டியல் இல்லை, விசாரணை இல்லை, அடுத்த வருடம் மறுபடியும் வகுப்பு. அவர் நின்றபடியே தன் கையெழுத்தைப் படித்தார், முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை. பிறகு எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனார்.

மெக்கானிக் படிக்கட்டு முனையில் நின்றிருந்தார். எழுந்து நிற்கச் சொன்ன மாணவன் மாதிரி இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"நான் எழுதலன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றார் டீச்சர். "நான்தான் எழுதியிருக்கேன். நீங்க எழுதற மாதிரி."

மெக்கானிக் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதோடு கதை முடிந்தது என்று அத்தான் படியில் இறங்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். நூலகத்தில் எனக்குப் பிடிபடாமல் போன அந்தக் குரல் இப்போது மறுபடி வந்தது.

"எட்டு நாளா உங்க மேல அப்படி ஒரு கோபம்" என்றார் டீச்சர். "ஆனா எழுதினவர் பல வாரம் உன்னிப்பா கவனிச்சிருக்காருன்னு சொன்னாங்களா, அதைக் கேட்டப்போ உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல சந்தோஷமாவும் இருந்துச்சு. என்னைக் கவனிச்சிருக்கீங்களேன்னு. இப்ப அதுவும் நான்தான்னு ஆயிடுச்சு."

மனைவியின் பை நிறம்கூடத் தெரியாது என்பதை வைத்துத்தான் நாங்கள் மெக்கானிக்கை நிரபராதி என்று முடிவு கட்டினோம் என்று எனக்கு அப்போது நினைப்பு வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. அத்தானும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் கையை நீட்டினார். டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் படிவத்தைக் கொடுத்தார். அவர் படியில் உட்கார்ந்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பழுதாகிப்போன ஒரு லிப்டின் வரைபடத்தைப் பார்ப்பது போல விரலை வைத்து வைத்துப் படித்தார். இருபத்திரண்டு கேள்விகள் படிக்க ரொம்ப நேரம் ஆகாது. அவருக்கு ஆனது. சாப்பாட்டுப் பழக்கம் மாறியிருக்கிறதா என்ற பதினேழாவது கேள்வி வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"நின்னுக்கிட்டா சாப்பிடறே?" என்றார்.

டீச்சர் கைப்பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"தினமுமா? எத்தனை நாளா? ஏம்மா நின்னுக்கிட்டு?"

படிவத்தின் இருபத்திரண்டு கேள்விகளிலும் இல்லாத கேள்வி அது. குழுவில் இருந்த மூன்று பேரும் அதே வரியைப் படித்திருக்கிறார்கள், யாரும் அதைக் கேட்கவில்லை. டீச்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குனிந்து, அவர் கையிலிருந்து படிவத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய் உக்காந்து சொல்றேன், வாங்க" என்றார்.